கல்யாண லிங்க்கில் வந்து நின்ற சாமி

என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சாகி வருவதற்கு முன்பே லிங்க் தயாராகிவிட்டது. இப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். மஞ்சள் தடவிய பத்திரிகை குலதெய்வத்துக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும். மற்றவர்களுக்கெல்லாம் போனில் ஒரு லிங்க். அதைத் தொட்டால் பக்கம் திறக்கும், மேலே பிள்ளையார் இருப்பார், கீழே பெண் மாப்பிள்ளை பேர், முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு வழி.

அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தது என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. போலகத்தில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் படித்தவள்; வீட்டில் இருந்தபடியே கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இப்படிப் பக்கம் செய்து கொடுப்பாள். நான் பத்தாவதோடு நின்றவள். அவளாகவே கேட்டு வந்தாள். "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வாக்கா?" என்றாள். எனக்கு அப்போதே ஒரு நெருடல் இருந்தது. காரணம், போன வருஷம் என் மகளைத் தன் தம்பிக்குக் கேட்டாள் அவள். நாங்கள் கொடுக்கவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டோம். பொருத்தம் பார்த்தோமா என்பது வேறு விஷயம். அவள் முகம் அன்றைக்கு ஒரு நிமிஷம் சுருங்கி, பிறகு சரியாகிவிட்டது. சுருங்கியதைவிட அத்தனை சீக்கிரம் சரியானதுதான் எனக்கு உறுத்தியது.

ஒரு காலைப்பொழுது, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்து போனை எடுத்தால், அவளிடமிருந்து லிங்க் வந்திருந்தது. லிங்க்குக்கு மேலே ஒரு கட்டம். கட்டத்துக்குள் காக்கை வாகனத்தோடு சனீஸ்வரன் படம். அதன் கீழே தடித்த எழுத்தில் என் மகள் பேரும் மாப்பிள்ளை பேரும். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், திருநள்ளாறு மண்டபத்தில் திருமணம் என்று ஒரு வரி. சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்படியே சம்பந்தியம்மாவுக்கும் என் பிறந்த வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன்.

எங்களுக்கு வீடு சுரக்குடியில். திருநள்ளாறு கூப்பிடு தூரம். சனிக்கிழமை விடிந்தால் வெளியூர் வேன்களுக்கு ஒதுங்கி நின்றுதான் நாங்கள் ரோட்டைக் கடக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குச் சனீஸ்வரன் பேரைச் சொல்லவே நடுக்கம். படத்தை வீட்டில் மாட்ட மாட்டார்கள். சன்னிதியில் நேரே நிற்க மாட்டார்கள், ஓரமாக நின்று கும்பிடுவார்கள். தரிசனம் முடிந்தால் வேறு வீட்டு வாசல் மிதிக்காமல் ஊர் போய்ச் சேருவார்கள். எங்களுக்கு அப்படியில்லை. வயலுக்குப் போகிற வழியில், பால் வாங்கப் போகிற வழியில், கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நாங்கள். மற்ற இடத்தில் பிடிக்கிறவர், இங்கே விடுகிறவர். நான் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன்.

சம்பந்தி வீடு மயிலாடுதுறைப் பக்கம். சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது சம்பந்தியம்மாவின் போன் வந்தது.

"என்னங்க இது, கல்யாணச் சேதிக்கு இந்தப் படத்த அனுப்பியிருக்கீங்க?"

"எந்தப் படம்ங்க?"

"அந்தப் பேரச் சொல்ல வேணாம்னு பாக்குறேன். எங்க வீட்டுல காலண்டர்ல அவரு படம் வந்தாகூடக் கிழிச்சு ஆத்துல விட்டுருவோம். நீங்க மாப்பிள்ள பொண்ணு தலைக்கு மேலயே உக்கார வச்சிருக்கீங்களே."

"தெரியாம வந்திருக்கும்ங்க. உள்ள பிள்ளையாருதான் இருக்காரு, தொட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"அத எப்படிங்க தொடுறது?" என்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் ஒண்ணும் நினைச்சுக்கல. ஆனா பெரியவங்கல்லாம் கேக்குறாங்க. பொண்ணுக்கு ஏழரை எதுவும் ஓடுதா, நாங்க கவனிக்காம விட்டுட்டோமான்னு. ஜாதகத்த இன்னொரு தடவ பாத்துட்டு மத்தது பேசிக்கலாமே. பத்திரிக அடிக்கிறத மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைங்க."

போன் வைத்த பிறகுதான் பருப்பு அடிப்பிடித்த வாடை வந்தது.

நிச்சயம் ஆன பெண்ணுக்குப் பத்திரிகையை நிறுத்தச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தத் தாய்க்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் மகள் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். அதற்குள் அவளுக்கே தெரிந்திருந்தது. மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.

"அவரு என்னம்மா சொன்னாரு?" என்றேன்.

"வீட்டுல கொஞ்சம் கொழப்பமா இருக்கு, ரெண்டு நாள் பொறுன்னு சொன்னாரு." குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வந்ததும் போனை வாங்கி அந்த லிங்க்கைத் திறந்து காட்டினாள். பக்கம் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் பூஜை அறைப் பிள்ளையார், சந்தனப் பொட்டோடு. மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தோம். சனீஸ்வரன் எங்கேயுமே இல்லை. மூடிவிட்டு வெளியே வந்தால், கட்டத்தில் காக்கை வாகனம். உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம்.

"உள்ள இல்லாத படம் வெளிய மட்டும் எப்படி வரும்?" என்றேன்.

"அதுக்குத் தனியா எழுதுறது இருக்கும்மா. பக்கத்தத் தொறந்தா கண்ணுக்குத் தெரியாது. லிங்க்க அனுப்புனா எந்தப் படம், எந்தப் பேரு, எந்த வரி காட்டணும்னு அதுலதான் எழுதியிருக்கும்."

"யாரு எழுதுறது?"

"பக்கம் செஞ்சவங்கதான்."

அவ்வளவுதான். எனக்கு மனதில் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டது. தம்பிக்குக் கேட்டது, கொடுக்காதது, முகம் சுருங்கியது, தானாகவே கேட்டு வந்து பக்கம் செய்தது. எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சம்பந்தி வீட்டுக் கண்ணில் மட்டும் குத்துகிற மாதிரி ஒன்றைச் சொருகி வைக்க வேறு யாருக்கு முடியும்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்த சம்பந்திக்கு அனுப்புனது யாரு?" என்றார்.

"நான்தான். அதுக்கென்ன?"

"உன் கண்ணுலயும் பட்டிருக்குமே."

"பட்டுச்சு, கும்பிட்டேன். சாமியக் கண்டா கும்பிடாம?"

"அதத்தான் சொல்றேன். தலமடையிலயே அடச்சிருக்கணும். தண்ணி வயலத் தாண்டிப் போனப்புறம் வரப்ப வெட்டுனவன் யாருன்னு தேடி என்ன ஆவப் போவுது?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். தம்பி குடும்பம் என்றால் அவருக்கு எப்போதும் பேச்சு இப்படி விட்டுக்கொடுக்காமல்தான் வரும்.

மறுநாள் மகள் லீவு போட்டாள். இரண்டு பேருமாகப் பஸ் ஏறிப் போலகம் போனோம். நேரே குற்றம் சொன்னால் ஓரகத்தி அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவாள், விட்டுப் பிடிக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

ஓரகத்தி வாசலுக்கே வந்துவிட்டாள். "வாங்கக்கா. வாடி கல்யாணப் பொண்ணே. என்ன, சொல்லாம கொள்ளாம?"

"ஒண்ணுமில்ல. அந்த லிங்க்குல படம் மாறி வருது. சம்பந்தி வீட்டுல கேக்குறாங்க" என்றேன்.

"என்ன படம்?"

"உனக்குத் தெரியாதா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து, எனக்கு அனுப்பியதைத் திறந்தாள். "சாமி படம்தானே இருக்கு. நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அப்போதுதான் என் மகள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜாதகம் திரும்பப் பார்ப்பது, பத்திரிகை நின்றது, மாப்பிள்ளை இரண்டு நாள் பொறுக்கச் சொன்னது. ஓரகத்தி கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிக்கிறாளா, நிஜமா என்று. எவ்வளவு பார்த்தாலும் முகத்தில் பிடி கிடைக்கவில்லை.

"கம்ப்யூட்டரத் தொறங்க சித்தி. பாத்துருவோம்" என்றாள் மகள்.

திறந்தாள். எங்கள் பக்கத்தை வரவழைத்து, எலியை அழுத்தி ஏதோ செய்தாள். பிள்ளையாரும் பூமாலையும் மறைந்து, திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாக எறும்பு ஊர்கிற மாதிரி வந்தது. "இதாங்க்கா உள்பக்கம். ஆரம்பத்துல இருக்குற இந்த வரிங்கள மெட்டா டேக்னு சொல்லுவோம். படிக்கிறவங்களுக்கு இல்ல. லிங்க்க யாராச்சும் அனுப்புனா, வாட்ஸ்அப் இங்க வந்து இதப் படிச்சிட்டுப் போயித்தான் அந்தக் கட்டத்தக் காட்டும்."

"நான் பாக்கணும்" என்றேன்.

"பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனேன். முதல் வரியில் என் மகள் பேர். சரி. அடுத்த வரியில் திருநள்ளாறு மண்டபம். சரி. அதற்கடுத்தது படத்தின் விலாசம். ஏதேதோ நீளமாக ஓடி, கடைசியில் எஸ், ஏ, என், ஐ. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"இத எழுதுனது யாரு?" என்றேன்.

"நான்தாங்க்கா." அவள் தயங்கவில்லை. "ஆனா இதுக்குன்னு எழுதல. திருநள்ளாறுல ஒரு விடுதிக்குப் பக்கம் செஞ்சு கொடுத்திருந்தேன். யாத்திரைக்கு வர்றவங்க தங்குற எடம். அதுக்கு இந்தப் படம். அந்தப் பக்கத்தையே எடுத்து வச்சுக்கிட்டுத்தான் நம்மளத செஞ்சேன். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே வருவோம்."

"பேர மாத்தியிருக்க. ஊர் வரிய மாத்தியிருக்க. அடுத்த வரிதானே படம்? பேர மாத்தத் தெரிஞ்சவளுக்குப் படத்த மாத்தத் தெரியலயா?"

விட்டுப் பிடிக்க வேண்டும் என்று வந்தவள் நேரே பிடித்துவிட்டேன். மகள் "அம்மா" என்றாள். ஓரகத்தியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் கோபமாகத்தான் வந்தது.

"மாத்துறதுக்குப் படம் கொடுத்தீங்களா? பொண்ணு மாப்பிள்ள சேந்து நிக்கிற படம் ஒண்ணு அனுப்புங்கன்னு கேட்டேனா இல்லியா? தாலி ஏறாம சேந்த படம் வெளிய போவக் கூடாது, கண்ணு படும்னு நீங்கதானே சொன்னீங்க? சரி, அப்புறம் பாத்துக்கலாம்னு அந்த வரிய விட்டு வச்சேன். முடிச்சுட்டு எனக்கே அனுப்பிப் பாத்தேன். சாமி வந்தாரு. தப்பா வந்திருக்குன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. நம்ம சாமிதானே. உங்களுக்குத் தோணிச்சா?"

அவளும் கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் யார் கைக்கு அந்த லிங்க் போயிருந்தாலும் கும்பிட்டுத்தான் இருப்பார்கள். வேறு ஊர்க்காரி ஒருத்தி செய்திருந்தால் அலறி அடித்துக்கொண்டு மாற்றியிருப்பாள். இதெல்லாம் புரிந்தது. புரிந்தாலும், சந்தேகம் என்பது நெல்லில் கலந்த கல் மாதிரி, புடைக்கப் புடைக்க ஒன்று மிஞ்சிக்கொண்டே இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். பிள்ளையார் படத்தைப் பெரிதாக்கி, அந்த வரியில் பழைய விலாசத்தை அழித்துப் புதியதை எழுதினாள். "இப்ப அனுப்பிப் பாருங்கக்கா" என்றாள். என் போனிலிருந்து மகளுக்கு அனுப்பினேன். கட்டம் வந்தது. காக்கை வாகனம்.

நான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன்.

"அப்படிப் பாக்காதீங்கக்கா, பயமா இருக்கு. உங்க போன் பழசையே ஞாபகம் வச்சிருக்கு. ஒரு தடவ பாத்த லிங்க்கத் திரும்பப் போய்ப் பாக்காது."

"போனுக்கெல்லாம் ஞாபகமா?"

"உங்க போனாச்சே, மறக்குமா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் மகள் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஏதோ ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்தாள். நம் லிங்க்கை அதில் போட்டால் வெளியே எப்படித் தெரியும் என்று காட்டுமாம். அதில் பிள்ளையார் வந்தார். பிறகு லிங்க்கின் வாலில் ஒரு கேள்விக்குறியும் எழுத்தும் எண்ணும் சேர்த்துக் கொடுத்தாள். அப்படிச் சேர்த்தால் புது லிங்க் என்று நினைத்துப் போன் மறுபடி போய்ப் படிக்குமாம். அனுப்பினேன். என் போனிலும் பிள்ளையார் வந்துவிட்டார். பழையபடி சனீஸ்வரன் வருகிறாரா என்று திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"ஏற்கெனவே அவங்களுக்குப் போனது?" என்று கேட்டேன்.

"அது போனது போனதுதாங்க்கா. அத நம்மளால மாத்த முடியாது."

புதுசைச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. பஸ்ஸில் பார்த்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தேன், பதில் இல்லை. அப்போது என் சந்தேகம் அந்தப் பக்கம் திரும்பியது. படம் ஒரு சாக்குதானோ? வேறு இடம் ஏதாவது வந்து, காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நாமே காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டோமோ? காரைக்காலில் வருஷா வருஷம் மாங்கனி இறைத்துக் கொண்டாடுகிற திருவிழாவே, ஒரு மாம்பழத்தில் சந்தேகப்பட்டு, பிறகு பயந்து பெண்டாட்டியை விட்டுப் போன ஒருவனின் கதைதானே. அந்தக் கதையெல்லாம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. விளக்கு முன்னால் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. 'நீயே பார்த்துக்கொள்' என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சம்பந்தியம்மாவே கூப்பிட்டார்கள். மகள் பக்கத்தில் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"படம் பாத்தேங்க. பிள்ளையாரு நல்லாருக்காரு" என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா ஒண்ணு. கீழ அந்த வரியில ஊர் பேரு இருக்கு பாருங்க. அத எடுத்துட்டு, காரைக்கால் பக்கம்னு பொதுவாப் போட்டுருங்களேன். அந்தப் பேரப் பாத்தாலே எங்க சனங்க ஒரு மாதிரி நினைப்பாங்க."

ஓரகத்திக்குச் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. ஒரு வரி. சரிங்க என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. மகளைப் பார்த்தேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்தப் பக்கம் கேட்காதபடி போனைக் கையால் மூடிக்கொண்டு, "நாளைக்கு அந்த வீட்டுல யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்றாள்.

அது சரியாக நெஞ்சில் இறங்கியது. நான் சொன்னேன்: "சம்பந்தியம்மா, படம் உங்க மனசுக்குப் பிடிக்கல, மாத்திட்டோம். அது எங்க மேலயும் தப்புதான். ஊர மாத்த முடியாதுங்க. எம் பொண்ணு இந்த ஊரு. அந்தச் சாமிக்கு எதுக்கால வளந்தவ. அத மறச்சு உங்க வீட்டுக்கு அனுப்புனா நாளைக்கு அதுவே பெரிய சந்தேகமாப் போயிரும்."

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். என் கை மகள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து ஆண் குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா. போனை வாங்கியிருக்கிறார்.

"ஏன்டி, வருஷா வருஷம் வேன் வச்சு யாரு ஊருக்குப் போறோம்? எள்ளு வெளக்கு ஏத்தப் போவலாம், கல்யாணத்துக்குப் போவக் கூடாதா?" என்று வீட்டுக்குள் பேசிவிட்டு, எங்களிடம், "சம்பந்தி, பத்திரிகைய அடிக்கச் சொல்லுங்க. ஜாதகத்த முந்தாநாளே தூக்கிட்டு ஓடிப்போய்ப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லன்னுட்டாரு ஜோசியரு" என்றார்.

முந்தாநாளே பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டுத்தான் இரண்டு நாள் எங்களைத் தவிக்க விட்டார்கள். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் "சரிங்க, சரிங்க" என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. சம்பந்தியம்மா திரும்பப் போனை வாங்கி, "படம் மட்டும் பிள்ளையாராவே இருக்கட்டுங்க" என்றார்கள். சாயங்காலம் அவர்கள் ஸ்டேட்டஸில் எங்கள் லிங்க் இருந்தது. பிள்ளையார், பேர்கள், கீழே ஊர் பேர், அப்படியே.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வெளியூர்க் கூட்டத்தோடு வரிசையில் நின்றேன். எல்லோரும் ஓரமாக ஒதுங்கிக் கும்பிட்டார்கள். நான் எப்போதும் போல நேரே நின்றேன். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்ததும் குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டார். மகள் பேர் சொன்னேன், மாப்பிள்ளை பேர் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓரகத்தி பேரும் வாயில் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள் என்று முக்கால் பங்கு நம்புகிறேன்; மிச்சக் கால் பங்கை என்ன செய்வது என்று தெரியாமல்தான் சாமியிடம் கொண்டுபோய்ச் சொன்னேனோ என்னவோ.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வாழ வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும், அவள் நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. தூண் ஓரமாக ஒதுங்கி, குருக்கள் முறைப்பதைப் பார்க்காத மாதிரி போனை எடுத்துக் கூப்பிட்டேன்.

"உன் நட்சத்திரம் என்னடி?" என்றேன்.

சன்னிதி மணி அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்; குரலில் சந்தேகம் ஏறியது.

"எதுக்குக்கா கேக்குறீங்க?" என்றாள் அவள்.